ஸ்கேன் வகுப்பில் என் வகுப்புத் தோழி

ஆரணியில் நாய், பூனைகளுக்கென்று தனியாக கிளினிக் வைத்திருக்கிறேன். போன வருடம் ஸ்கேன் மெஷின் வாங்கினேன். படம் பார்க்கத்தான் சரியாக வரவில்லை. வேலூரில் கால்நடை மருத்துவர்களுக்கு ஸ்கேன் பயிற்சி என்று வாட்ஸ்அப்பில் வந்ததும் பேர் கொடுத்துவிட்டேன்.

பாடம் எடுக்க வந்தவள் என் கல்லூரித் தோழி. தேர்வு சமயத்தில் என் அறைக்கு வந்து, என்னிடம் கேட்டுக் கேட்டுப் படித்தவள். பட்டம் வாங்கியதும் நான் கல்யாணமாகி ஆரணிக்கு வந்துவிட்டேன். அவள் மேலே படித்து, வெளிநாடும் போய் வந்தாள். வகுப்பில் எல்லாரும் அவளை மேடம் என்றார்கள். நானும் அப்படிக் கூப்பிட வேண்டுமா என்ற யோசனையிலேயே காலைப் பாடம் பாதி போய்விட்டது.

செய்முறையின்போது என் கையைப் பிடித்து, "இப்டி அழுத்தாத. லேசா சாய்ச்சுப் புடி, தெரியும் பாரு" என்றாள். உடனே தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். சாப்பிடும்போது, "இவதான் எனக்கு அனாடமி சொல்லிக் குடுத்தா" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். இப்போது அதைச் சொல்வது அவளுக்குச் சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பட்டு நெசவு செய்பவர் ஒருவர் தன் பெட்டை நாயைத் தூக்கிவந்தார். சட்டையெல்லாம் நூல் பிசிறு.

"சோறே துன்னலைங்க. தண்ணிய மட்டும் குடிச்சிகினே கீது."

ஸ்கேன் வைத்தேன். கர்ப்பப்பை வீங்கி, உள்ளே சீழ் கட்டியதுபோல் தெரிந்தது. ஒருவேளை குடலோ என்றும் ஒரு சந்தேகம். அவளைக் கேட்டால் தீர்ந்துவிடும். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். நாய் தலையைக்கூடத் தூக்காமல் மேசையில் கிடந்தது. வேறு வழியில்லாமல் வீடியோவில் கூப்பிட்டேன்.

"சீழ்தான். உனக்கே தெரியுதே, அப்புறம் என்ன? ஜல்தியா ஆபரேஷன் பண்ணு" என்றாள்.

அன்றே செய்தேன். நாய் பிழைத்துக்கொண்டது. தையல் பிரிக்க வந்தபோது நெசவாளர் கை கூப்பினார்.

"போன்ல பேசுன அந்த மேடம் நல்லா இருக்கணும்ங்க. அவங்க ஆரணிக்கு வருவாங்களா?"

"வர மாட்டாங்க" என்றேன்.

மாதம் ஒரு நாள் உன் கிளினிக்குக்கு வந்து கேஸ் பார்க்கட்டுமா என்று முந்தின நாள்தான் அவள் கேட்டிருந்தாள். நான் இன்னும் பதில் போடவில்லை.