கதவின் நடுவே ஒரு கண்

விரல் நுனியால் ஒதுக்கிவிடக்கூடிய சின்னத் தகடு அது. சிறைக் கதவின் நடுவில், ஆள் உயரத்தில், ஒற்றை ஆணியில் தொங்கும். ஒதுக்கினால் ஒரு கண்ணாடித் துளை தெரியும். அதில் கண்ணை வைத்தால் உள்ளே இருப்பவன் தலை முதல் கால் வரை தெரிவான். அவனுக்கு நம்முடைய ஒரு கண் மட்டும்தான் தெரியும். யாருடைய கண் என்று அவன் அறிய வழியில்லை.

போன மாசியில், ஒரு ஞாயிறு பிற்பகல், மகள் என்னை பேர்லின் நொய்கெல்னில் ஒரு டேனிஷ் படத்துக்குக் கூட்டிப் போனாள். பாட்டும் அடிதடியும் இல்லாத படம் ஒன்றையாவது அப்பா பார்க்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சிறைச்சாலையில் நடக்கிற கதை, மனத்தைப் போட்டுப் பிசையும் என்று மட்டும் சொன்னாள். "பயமெண்டால் என்ரை கையைப் பிடியுங்கோ" என்று பகிடி வேறு. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு காவலர் நீண்ட நடைபாதையில் நடந்து வந்து ஒரு கதவின் முன் நின்றார். தகட்டை ஒதுக்கினார். இரும்பில் இரும்பு உரசும் அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து, இருட்டில் யாருடைய காலையோ மிதித்துக்கொண்டு, மண்டபத்துக்கு வெளியே வந்துவிட்டேன். சோளப்பொரி விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். பின்னாலேயே ஓடிவந்த மகள், சுகமில்லையோ என்று கேட்டாள். அக்காவைப் பற்றி அவளிடம் முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான்.

அக்கா எனக்கு உறவில்லை. ஊரில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனின் தமக்கை. நான் பேர்லினில் நீதிமன்றங்களுக்கும் அலுவலகங்களுக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகப் போய்வருகிறவன். எப்போதாவது சிறையிலிருந்தும் கூப்பிடுவார்கள். அங்கே ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக, கருநீலச் சீருடையில் அக்கா இருந்தார். அகதியாக வந்து, உணவகங்களில் நிலம் துடைத்து, மொழி படித்து, சிறைக் காவலர் வேலைக்கு முறையாக ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவர். முருகன் கோயிலில் குழப்படிப் பிள்ளைகளை அவர் முன்னால் இழுத்துவந்து, "இந்த அன்ரியிட்டைப் பிடிச்சுக் குடுத்திடுவன்" என்று தாய்மார் வெருட்டுவார்கள். அக்கா அந்தப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரிப்பார். சிறைக்குள் அவர் சாவிக்கொத்தைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சாவிச் சத்தம் கேட்டால் உள்ளை இருக்கிறதுகள் ஏங்குங்கள், தம்பி. பாவம்" என்றார். அப்படிப்பட்ட மனுஷிக்கு நான் பயப்படப்போகிறேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இங்கே பிறந்தவர்களுக்காகப் பழைய கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்குப் பதினாறு வயதில் எங்கள் ஊரை ராணுவம் சுற்றிவளைத்தது. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போய், வரிசையாக ஒரு ஜீப்பின் முன்னால் நடக்கவிட்டார்கள். ஜீப்பில் தலைக்குச் சாக்குப் போட்ட ஒருவன் இருந்தான். சாக்கில் கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டைகள். தலையாட்டி என்போம். அவன் பேசாமலிருந்தால் நாம் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் ட்ரக்கில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு அவன் ஆட்டவில்லை. எனக்குப் பின்னால் வந்த என் நண்பனுக்கு, அக்காவின் தம்பிக்கு, ஆட்டினான். நண்பன் பிறகு திரும்பி வரவேயில்லை. வேலிக்கு வெளியே பெண்களோடு நின்ற அக்காவிடம் அன்று நான் ஒன்று சொன்னேன். அந்தக் கண்களில் இடதுபக்க இமை பாதி மூடித் தொங்கிக்கொண்டிருந்தது என்றேன்.

அந்த ஒரு வசனத்தை அவர் ஜேர்மனி வரைக்கும் கொண்டுவந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, புதிதாக வந்த தமிழ்க் கைதி ஒருவரின் மருத்துவப் பரிசோதனைக்கு மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். வாசலில் என்னை அழைத்துப்போக அக்காதான் வந்தார். வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை. சாவிக்கொத்து அன்று அவருடைய இடுப்பில் தாராளமாகக் குலுங்கியது. மருத்துவ அறைக்குத் திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் கைதிகளின் பகுதிக்குள் கூட்டிப்போய், ஒரு கதவின் முன் நின்று, தகட்டை ஒதுக்கினார்.

"பார், தம்பி. நீதான் கிட்டப் பாத்தனீ" என்றார். "வாயாலை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அவன்தான் எண்டால் தலையை மட்டும் ஆட்டு."

தான் என்ன கேட்கிறார் என்று அக்காவுக்கு விளங்கியதோ இல்லையோ, எனக்கு விளங்கியது. ஆட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "இஞ்சை ஒருத்தனுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டாலே காணும். அவன் சீனி வருத்தக்காரன். ஊசி போடுறவன். சீனி இறங்கினால் மணியை அமத்துவான். மணி என்ரை மேசையிலைதான் அடிக்கும்."

துளையில் கண்ணை வைத்தேன். அறுபதை நெருங்கிய ஒரு மனிதர் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். தகட்டுச் சத்தத்துக்கு நிமிர்ந்தவரின் இடது இமை பாதி தொங்கியது. எழுந்து கதவுக்குக் கிட்ட வந்தார். "ஆரது? ஆர் நிக்கிறது?" என்று தமிழிலேயே கேட்டார். பயத்தில் வாய்க்கு வருவது தாய்மொழிதானே. நான் மூச்சையும் அடக்கிக்கொண்டேன். தும்மினால்கூடத் தலை அசைந்துவிடும் என்ற பயத்தில் கழுத்து விறைத்து நின்றது. ஜீப்பில் இருந்தவனின் இடத்தில் இப்போது நான் நின்றேன்.

"தெரியேல்லை, அக்கா" என்றேன். அது உண்மை. பதினாறு வயதில், வெயிலில், பயத்தில் பார்த்த இரண்டு ஓட்டைகளை வைத்து யாரை அடையாளம் சொல்வது? அக்கா என்னை ஏறஇறங்கப் பார்த்துவிட்டுத் தகட்டை மூடினார்.

பரிசோதனையின்போது அவர் வாசலில் நின்றார். தாதி எல்லாம் கேட்டுவிட்டு, கண்ணுக்கு என்ன நடந்தது என்றும் கேட்டார். "ஆமி பிடிச்சு முகாமிலை வைச்சு அடிச்சது, துவக்குப் பிடியாலை" என்றார் அந்த மனிதர். நான் ஜெர்மனில் சொன்னேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால், "பிறகு?" என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார். அதுவரை அக்கா அவரோடு ஜெர்மன் தவிர வேறு பேசியிருக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "பிறகு சாக்கைப் போட்டு இருத்தினாங்கள், அண்ணை. தலையை ஆட்டாட்டில் திரும்பவும் அடி. நான் ஆரையும் பாக்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் ஆட்டினனான்."

வேலை வேலைதான். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். தாதி பேனாவை நிறுத்தி யோசித்தார். இதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லையே என்றுவிட்டு, கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று கேட்டார். திரும்பி வரும்போது நடைபாதையில் அக்காவின் பின்னால் ஓட்டமாக நடந்தபடி சொன்னேன். "அக்கா, நான் கண்டவன்ரை கண் திறந்திருந்தது. அப்பிடி எத்தினை பேரை இருத்தினவங்கள்? இது வேறை ஆளாயும் இருக்கலாம்." அவர் நிற்கவில்லை. "இருக்கலாம்" என்றார், சாவி குலுங்கக் குலுங்க.

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே யோசனைதான். அவருடைய மேலதிகாரிக்குச் சொல்லலாம் என்று தொலைபேசியை எடுப்பேன். என்ன சொல்வது? தம்பியைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் மேல் கை காட்டுவதா? அதுவும் ஒரு தலையாட்டல்தானே என்று வைத்துவிடுவேன். வைத்ததும் அந்த மனிதரின் "ஆரது?" காதில் கேட்கும். ஞாயிறு மத்தியானம் அக்காவுக்கே எடுத்தேன். மணி போய்க்கொண்டேயிருந்தது. வேலைக்குப் போகும்போது தொலைபேசியை வெளியே அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எடுக்காவிட்டால் அவர் உள்ளே நிற்கிறார் என்று அர்த்தம். ஞாயிறுகளில் ஆள் குறைவு என்பதால் கதவுகளை வழமையைவிட நேரத்தோடு பூட்டிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அன்று வீட்டுக்குள் நடந்த நடையில் மனைவி எனக்கு ஏதோ வருத்தம் என்றே நினைத்துவிட்டாள்.

அடுத்த நாள் அக்கா எடுத்தார். யூபான் சுரங்க ரயில் நிலையத்துக்கு வரச்சொன்னார். சீருடை இல்லாமல், ஒரு மழை அங்கியோடு வாங்கின் நுனியில் இருந்தார்.

"உயிரோடைதான் இருக்கிறான்" என்றுதான் தொடங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நேற்று மணியை அமத்தினவன். போனன். கதவைத் திறந்து, ஜூஸ் பருக்கி, டொக்டரைக் கூப்பிட்டனான். இண்டைக்குக் காலமை வேலையை விடுறன் எண்டு எழுதியும் குடுத்திட்டன்."

"நல்லது செய்தனீங்கள், அக்கா."

"உடனை போகேல்லை, தம்பி."

ஒரு ரயில் வந்து நின்று போனது.

"தகட்டை ஒதுக்கிப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனான். அவன் கட்டிலாலை விழுந்து, கதவடிக்குத் தவண்டு வந்தவன். என்ரை கண்ணைப் பாத்தவன்."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சாவிக்கொத்துப் பொத்திப் பழகிய வலது கையை மடியில் இறுக மூடிக்கொண்டு, "அதை மட்டும் கேளாதை" என்றார்.

அக்கா பிறகு வுப்பர்டாலில் மகனோடு போய் இருந்துவிட்டார். பொங்கலுக்குப் பேசுவோம். என் பிள்ளைகளை ஒவ்வொருத்தராக விசாரிப்பார். அந்த ஞாயிற்றைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. அந்த மனிதர்தானா ஜீப்பில் இருந்தவர் என்பது எனக்கு இன்றும் தெரியாது. கதவுக்கு அந்தப் பக்கம் கிடந்து அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எதை நினைத்திருப்பார் என்பதுதான் என்னைப் படுக்கவிடுவதில்லை.

மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திரையரங்கின் கதவிலும் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. எழுந்து போய் அதில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். நீலமாகவும் மஞ்சளாகவும் வெளிச்சம் அவள் முகத்தில் மாறிமாறி விழுந்தது. படம் முடிய இன்னும் நேரமிருந்தது. அவளுக்கு முடிவு தெரியவேண்டும், என்னை இப்படியே விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. திரும்பி, என்னைத் தேற்றுகிற குரலில் கேட்டாள்.

"அந்த ஆள் சாகேல்லைத்தானே? அப்ப கடைசியிலை ஒண்டும் நடக்கேல்லைத்தானே, அப்பா?"

நான் தலையை ஆட்டினேன்.

அவள் நிம்மதியாகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். எவ்வளவு சுலபமாக ஆடிவிட்டது என்று கழுத்தைப் பிடித்தபடி நான் அந்த வாங்கிலேயே இருந்தேன்.