நாலு லிஃப்ட், ஒரு கையெழுத்து

லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு ஊரில் நல்ல பெயர். வந்தோமா, போனோமா என்று வேலையை முடிக்கிற மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது? ஒரு கட்டடத்தில் நாலு லிஃப்ட் இருந்தால் முதலாவதில் ஏறுவார், மேலே போவார், கீழே வருவார், நாலுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஒரே கம்பெனி, ஒரே வருஷம் மாட்டியது. ஒன்று நன்றாக இருந்தால் மற்றதற்கு என்ன கேடு? இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சித்தாந்தம் அவரைக் கைவிட்டதில்லை.

இதையே உடம்புக்கும் பொருத்தினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அவருடைய அப்பா நாற்பத்தாறு வயதில் பெருங்குடல் புற்றுநோயில் போனார். அத்தையும் அப்படியே. அக்காவுக்கும் இவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், அப்பா வழி மரபணுக் கோளாறு இரண்டு பேருக்குமே வந்திருக்கிறது, வருஷம் ஒரு முறை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், முளையிலேயே கண்டால் வெட்டி எறிந்துவிடலாம் என்று தெளிவாகச் சொன்னார். அக்கா மறு மாதமே போய்ப் படுத்தாள். குடல் சுத்தமாக இருந்தது. நம் ஆள் அந்த ரிப்போர்ட்டை நகலெடுத்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். ஒரே அப்பா அம்மா, இரண்டே வருஷ வித்தியாசம். அது சரியென்றால் இதுவும் சரிதான். மூன்று வருஷம் இப்படியே ஓட்டினார்.

உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம். நாற்பத்தைந்து முடியப்போகிறது. அப்பா போனது நாற்பத்தாறில். ஆனால் கேமரா எந்த வழியாகப் போகும் என்பதை நினைத்தால் கௌரவம் குறுக்கே வந்து நின்றுகொள்ளும். ஊரையே சோதிக்கிற அதிகாரியை இன்னொருவன் சோதிப்பதாவது!

கடைசியில் மனைவிதான் அக்காவிடம் போட்டுக்கொடுத்தாள். அக்கா ஃபைலைப் புரட்டினாள், தன் ரிப்போர்ட்டைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று இவர் காத்திருந்தார், அவள் அழுதுவிட்டாள்.

"இது என் வயிறுடா. உன் வயித்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

மறு வாரமே ஆஸ்பத்திரியில் பெயரைக் கொடுத்தார்.

குடலைக் கழுவும் மருந்துத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தார். அன்று முழுக்கக் கழிவறையே அவருக்கு அலுவலகமாக இருந்தது. மறுநாள் மயக்கம் தெளிந்தபோது டாக்டர் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு கட்டிகளாம், எடுத்தாயிற்றாம். பார்வைக்குப் புற்றாக மாறியதாகத் தெரியவில்லை, இருந்தாலும் ஆய்வகம் சொல்லட்டும் என்றார். இன்னும் ஒரு வருஷம் கடத்தியிருந்தால் வேறு பேச்சுப் பேச வேண்டியிருந்திருக்கும் என்றும் சொன்னார். இன்ஸ்பெக்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கௌரவம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடி. மூன்று லிஃப்டில் கடைசி லிஃப்ட் திறந்தது. அக்கா முதலில் ஏறிக்கொண்டு, கதவைப் பிடித்தபடி கூப்பிட்டாள். அவளுடைய தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ் தொங்கியது. அடியில் அழகான, பழகிய கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"இறங்குக்கா. இந்த லிஃப்ட்டை நான் பாத்ததே இல்ல."

மனைவி ஒரு பக்கமும் அக்கா ஒரு பக்கமும் தாங்க, ஐந்து மாடியும் படி வழியாகவே இறங்கினார்.