ஆற்றோரம் வந்த காலடி

கோண்டாவில்காரி மங்களேஸ்வரிக்கு ஓடாவிட்டால் பொழுது விடியாது. பேராதனை வளாக நூலகத்தில் உதவியாளராக இருந்தவள், எண்பத்துமூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு தன் ஊர்ப்பக்கம் யாழ்ப்பாணம் போனாள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் ஐந்து வருடம் வேலை. அங்கே செல்லடி, குண்டுவீச்சுத் தாங்காமல் எண்பத்தெட்டில் திரும்பவும் பேராதனைக்கே வந்து சேர்ந்தாள்.

"ரெண்டு கம்பஸ் ஊரிலயும் இருந்திட்டாய். எது திறம்?" என்று கேட்டாள் அறைத்தோழி செசிலியா.

"அங்க றோட்டு நூல் பிடிச்ச மாதிரி நேர். வெயிலேற முதல் ஆறு மைல் ஓடலாம். ஆனா பொம்பிளை ஓடினா ஒவ்வொரு வேலிக்கு மேலாலயும் ஒரு தலை எட்டிப் பார்க்கும். இங்க ஏத்தம் மூச்சை வாங்கும், ஒருத்தரும் பார்க்கமாட்டினம். ஓட இது, இருக்க அது."

மறு வருடம் சிங்கள இளைஞர் அரசுக்கெதிராகக் கிளர்ந்தெழ, வளாகத்தை மூடினார்கள். சிங்களப் பொடியன்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். சந்திகளில் ஆளோடு எரித்த ரயரின் கரி கிடந்தது. மகாவலி ஆற்றில் பிணம் மிதக்கிறதென்று சனம் மீன் வாங்குவதையே விட்டுவிட்டது.

"ஓடப் போகாதை," என்றாள் செசிலியா.

"ஓடாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்."

ஒரு விடியற்காலை, மகாவலியோரப் பாதையில் பனிமூட்டத்துக்குள் ஓடும்போது பின்னால் காலடி கேட்டது. ஈரமான தார்றோட்டில் வெறுங்கால் படுகிற சத்தம். நின்றாள். ஓரடி பிந்தி அதுவும் நின்றது. திரும்பினால் வெறும் வெள்ளைப் பனி. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாள் துணிந்து, "ஆரது?" என்றாள், பிறகு சிங்களத்திலும் கேட்டாள். காலடி மட்டும் அவளைக் கடந்து முன்னால் போனது. முழங்கையில் குளிர்காற்று உரசியது, ஆளில்லை. சத்தம் பாதையை விட்டிறங்கி, மூங்கில் சருகை மிதித்துக்கொண்டு தண்ணீர்வரை போய் அடங்கியது.

ஓடித் தப்பவேண்டிய இடம். அவளோ இறங்கிப் போனாள். மூங்கில் வேரில் ஒரு பொடியன் பிணமாய்ச் சிக்கிக் கிடந்தான். இருபது வயதிருக்கும். காலில் செருப்பில்லை. மங்களேஸ்வரி தன் சுவெற்றரைக் கழற்றி அவன் முகத்தை மூடினாள். விட்டுப்போக மனம் வரவில்லை.

வெயில் ஏறும்போது கரையோரமாக ஒரு சிங்களத்தாய் வந்தாள். சோமாவதி என்று பெயர். மகனைத் தேடி இரண்டு மாதமாக ஆற்றோரம் நடக்கிறவள். சுவெற்றரை விலக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"என் பிள்ளை இல்லை," என்றாள் சிங்களத்தில். என்றாலும் எழும்பவில்லை. சேலைத்தலைப்பை ஆற்றில் நனைத்து, அந்த முகத்துச் சேற்றை மெல்லத் துடைத்தாள். "இவனையும் ஒருத்தி தேடுவாள். முகம் தெரியட்டும்."

இருவருமாக அவனை மேட்டுக்கு இழுத்து வாழையிலை போட்டு மூடினார்கள். மறுநாள் போனபோது இலை மட்டும் கிடந்தது. எடுத்துப்போனது பெற்றவளா, ஆமிக்காரரா, தெரியவே இல்லை.

அந்தக் காலடி பிறகு கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு இன்னும் பயமாயிருந்தது.

அதன்பிறகு ஞாயிறுகளில் மங்களேஸ்வரி ஓடவில்லை. சோமாவதியோடு கரையோரம் நடந்தாள். அடுத்த ஊர் கெட்டம்பைவரை போய்த் திரும்புவார்கள். அதிகம் பேசுவதில்லை. தண்ணீரில் ஏதாவது ஒதுங்கியிருந்தால் மங்களேஸ்வரிதான் முதலில் இறங்கிப் பார்ப்பாள். இரண்டு வருடம் நடந்தும் மகன் கிடைக்கவில்லை.