ஜன்னல் கம்பியில் சாய்ந்த தலை

கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் என்னருகே வந்து நின்றார். "அண்ணாச்சி, நம்ம நர்சம்மா தவறிட்டாக. சாயங்காலம் எடுக்குறாக," என்றார். தனபாக்கியம் சிஸ்டரைச் சொல்கிறார் என்று புரிந்ததும், "கடைசியில மூச்சு திணறுச்சா?" என்று கேட்டேன். "இல்ல, தூக்கத்துலயே போய்ட்டாக." துக்கச் செய்தி கேட்டவன் கேட்கிற கேள்வியா இது என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் போய்விட்டார். சிஸ்டரை அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி விளங்கும் என்று நினைக்கிறேன்.

திருச்சுழியில் என்னுடையது உரமும் பூச்சி மருந்தும் விற்கிற கடை. எதிரே அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே அவர் நர்ஸ். பருத்திக்கு மருந்து அடிக்கும் காலத்தில், வாயில் நுரை தள்ளிய நிலையில் யாரையாவது தூக்கி வந்தால், சிஸ்டர் ரோட்டைத் தாண்டி நேரே என் கல்லாவுக்கு முன்னால் வந்து நிற்பார். அந்த ஆள் எந்த மருந்து வாங்கிப் போனான் என்று கேட்பார். பூச்சி மருந்துக் கடை வாசலில் நர்சின் வெள்ளைச் சேலை நின்றால், வெள்ளாமை பார்க்கிற எந்தச் சம்சாரி உள்ளே வருவான்? ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "சிஸ்டர், யாவாரம் படுத்துரும்," என்றேன். அவர் நகரவில்லை. "எப்படி உள்ள போச்சுன்னு போலீசு கேட்டுக்கிடட்டும் அண்ணாச்சி. எது போச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க." அதன்பின் அவர் ஆஸ்பத்திரிப் படியிறங்குவதைப் பார்த்தாலே, அந்த ஆள் வாங்கிப் போன மருந்தின் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து வைத்துவிடுவேன்.

எம்.ரெட்டியபட்டி செல்லையாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். எண்பதுகளின் நடுவில், முதுகில் மாட்டிய ஸ்பிரேயர் ஒழுகிச் சட்டையெல்லாம் நனைந்து, மயங்கிப்போய் வந்தவர். மறுநாளே எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றார். அதற்கடுத்த நாள், வீட்டுக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். டாக்டர் பார்த்தார். சிஸ்டர் நாடி பிடித்தார், கண்ணில் டார்ச் அடித்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. என் கடை வாசலில்தான் செல்லையா பஸ் ஏறினார். "வாரேன் சிஸ்டர்" என்று ஜன்னல் வழியே கையை ஆட்டினார். கை ஆடியது. தலை மட்டும் ஜன்னல் கம்பியிலேயே சாய்ந்திருந்தது. சிஸ்டரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அசதி என்று நினைத்தோம். போன பஸ் திரும்பி வந்தபோது அதில் அவரைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். மூச்சு வழியிலேயே நின்றுபோயிருந்தது.

டாக்டர் மதுரையில் பெரிய டாக்டர்களிடம் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். இந்த மருந்தில் சிலருக்கு, ஆள் தெளிந்துவிட்டான் என்று எல்லோரும் நினைக்கிற நேரத்தில் தசை தளருமாம். முதலில் கழுத்து, அப்புறம் மூச்சு. அன்றிலிருந்து, படுத்திருக்கிற யாரையும் தலையைத் தூக்கவைத்துப் பார்ப்பது சிஸ்டருக்கு ஒரு பிடிவாதமாகிவிட்டது. "கைய ஊணாம, தலைய மட்டும் தூக்குங்க பாப்போம்." வயிற்றுப்போக்குக்கு வந்தவரையும் விடவில்லை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது என்னையும் தூக்கவைத்தார். ஊர் அவருக்குத் 'தலைதூக்கி சிஸ்டர்' என்று பெயர் வைத்தது. கேட்டால் சிரிப்பார். படுத்திருப்பவர் தலையைத் தூக்கி முடித்த பிறகுதான் அந்தச் சிரிப்பும் வரும்.

தொண்ணூறுகளில் மாரியம்மாள் வந்தாள். வாளியில் பூச்சி மருந்தை வெறுங்கையால் கலக்கிய பெண். அவள் அப்பா என் வாடிக்கைக்காரர் என்பதால் மூன்றாம் நாள் பார்க்கப் போயிருந்தேன். அவள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். "விடுங்கம்மா, பஸ்ஸு போயிரும்," என்று அப்பா பையைத் தூக்கிவிட்டார். சிஸ்டர் வழக்கம்போலத் தலையைத் தூக்கச் சொன்னார். மாரியம்மாள் முயன்றாள், தலை அசையவில்லை. அப்பா தன் கையைக் கொடுத்துத் தூக்கி, "இந்தா, தூக்கிட்டாள்ல," என்றார். "கைய எடுங்க ஐயா," என்றார் சிஸ்டர். எடுத்தார். தலை தலையணையில் விழுந்தது.

டாக்டர் அந்த நிமிடமே மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். என் வேனில் லோடை இறக்கிவிட்டு மெத்தையைப் போட்டோம். சிஸ்டர் அவளோடு பின்னால் ஏறிக்கொண்டார், நான் ஓட்டினேன். பயத்தில் ஏதோ பேசிக்கொண்டே வந்தேன். "பேசாதீக அண்ணாச்சி, ரோட்டப் பாருங்க," என்றார் சிஸ்டர். காரியாபட்டியைத் தாண்டியதும் மாரியம்மாளின் மூச்சு நின்றது. அங்கிருந்து மதுரை வரை சிஸ்டர் கையால் அமுக்கிய காற்றுப்பைதான் அவளுக்கு மூச்சு.

மாரியம்மாள் பிழைத்தாள். சில மாதம் கழித்துப் பழத்தட்டோடு வந்தவளை, சிஸ்டர் என் கடை பெஞ்சில் படுக்கச் சொல்லித் தலையைத் தூக்கவைத்துப் பார்த்தார். அவள் போன பிறகு பஸ் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "செல்லையாவையும் ஒரு தடவ தூக்கச் சொல்லியிருக்கலாம்ல அண்ணாச்சி?" "அப்ப யாருக்குத் தெரியும் சிஸ்டர்?" என்றேன். "அவரு தலை நமக்குச் சொல்லிட்டுத்தான போச்சு," என்றார். அந்த 'நமக்கு' என்னை இன்றும் விடவில்லை.

சாயங்காலம் அருப்புக்கோட்டை போய் அவரைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தலையணை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். தலையைத் தூக்குங்க சிஸ்டர் என்று வாய்வரை வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கடையை இன்னும் நடத்துகிறேன், மருந்தும் விற்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். வாசலில் பஸ் நிற்கும்போது ஜன்னல் கம்பியில் யாராவது தலை சாய்த்திருந்தால், கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன். அந்தத் தலை ஒருமுறை நிமிர்ந்துவிட்டால் போதும். பெரும்பாலும் அதற்குள் பஸ் போய்விடுகிறது.