அஞ்சலை அக்கா தொட்டியில் நான் போட்ட கோடு

சிரம்பானில் மீன் கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, நான் பாசார் சந்தையில் மீன் வெட்டப் போகிறேன் என்றே எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லாரும் நினைத்தார்கள். எங்களுடையது கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கடல் மீனும் கோரல் என்கிற உயிருள்ள பவளமும் விற்கிற கடை. தொட்டி வாங்கியவர்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருவது என் வேலை. தொண்ணூறுகளின் நடுவில் அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது.

முதல் நாளே முதலாளி சொன்னார்: "கஸ்டமர்கிட்ட ரொம்ப பேசாத லா. ரெண்டு ரூல் சொல்லு, போதும். மூனாவது சொன்னா பயந்துடுவாங்க, அப்புறம் எவன் வாங்குவான்?"

நானும் இரண்டு ரூல் தயார் செய்தேன். பைப்புத் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. தண்ணீர் மட்டம் நான் கண்ணாடியில் போடும் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. மார்க்கரால் கோட்டை இழுத்துவிட்டு, பெரிய டாக்டர் நினைப்பில் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டத்தில் அஞ்சலை அக்கா இருந்தார். முப்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகும் விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுமாம், ஆனால் எழுந்து போக இடமில்லை. கணவர் இல்லை. நர்ஸ் வேலை பார்க்கும் மகள் கலாதான் அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மூன்றடித் தொட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். அதில் இரண்டு மீனும் ஒரு லெதர் கோரலும் வைத்தோம். லெதர் கோரல் பெரிய காளான் குடை மாதிரி இருக்கும். லைட் போட்டதும் குடைமேல் குட்டிக் குட்டி விரல்கள் நீளும். அது விரியும்வரை அக்கா காப்பியைத் தொடமாட்டார்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. "தம்பி, நாலு நாளா குடை விரியல."

லெதர் கோரல் இடையிடையே மூடிக்கொண்டு மேல்தோலை உரிப்பது சகஜம். "தோல் உரிக்குதுக்கா, ஒரு வாரம் பொறுங்க" என்று போனை வைத்தேன். அந்த மாதம் நான் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தூரம் என்று தள்ளிப் போட்டிருந்தேன்.

அடுத்த வாரம் கலாவே கூப்பிட்டாள். "அண்ணே, அது சுருங்கி ஒரு பக்கமா சாஞ்சிடுச்சு. அம்மா சரியா சாப்பிடறதில்ல. வந்து பாருங்க. இது செத்துச்சுன்னா தொட்டிய யாருக்காவது தூக்கிக் கொடுத்துடுவேன். அதுங்க சாகறத உக்காந்து பாக்கவா அவங்களுக்கு வாங்கிக் கொடுத்தேன்?"

போனேன். போனதும் அக்காவைத்தான் குடைந்தேன். சோப்புக் கையை உள்ளே விட்டீர்களா, கொசு மருந்து அடித்தீர்களா என்று கேட்டேன். அவர் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே நின்றார். கண்ணாடி விளிம்பு முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். உப்பு அளக்கும் ஹைட்ரோமீட்டரைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தேன். முள் நம்பரையெல்லாம் தாண்டிப் போய் நின்றது.

"அக்கா, தண்ணி கொறைஞ்சா என்ன ஊத்துனீங்க?"

"கடல் தண்ணிதான் தம்பி. பக்கத்து வீட்டு வேன்காரர் பிடி கடற்கரையிலருந்து தோங் டிரம்ல கொண்டாந்து தருவாரு. காலையில பாத்தா கோட்டுக்குக் கீழ எறங்கியிருக்கும், பால் பிடிக்கிற மங்கால ரெண்டு மங்கு ஊத்துவேன். நீங்கதான பைப்புத் தண்ணி ஒரு சொட்டுகூட கூடாதுன்னீங்க?"

ஹைட்ரோமீட்டரைக் கீழே வைத்தேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குக் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அதுதான் என் முதலாளி விடச் சொன்ன மூன்றாவது ரூல். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மரத்தில் போட்ட கோட்டை ஒரு நூல் தாண்டாமல் வெட்டிப் பழகிய கை அக்காவுடையது. என் கோட்டையும் அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறார், நாளுக்கு இரண்டு மங்கு உப்புத் தண்ணீரோடு.

அந்த நேரம் பார்த்து கலா டியூட்டி முடிந்து உள்ளே வந்தாள். "என்னண்ணே ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "எம்மேலதான்மா தப்பு. தண்ணிய மாத்தி ஊத்திட்டேன்."

முப்பது வருடம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்ற பழக்கம். ஏச்சு வருவதற்கு முன்பே தலையைக் குனிந்துவிட்டால் வேலை நடக்கும். பொய் சொல்லாமல் சொல்கிறேன், ஒரு நொடி நான் சும்மாதான் நின்றேன். தப்பித்தோம் என்றுகூடத் தோன்றியது. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"இல்லம்மா. அம்மா நான் சொன்னத அப்படியே செஞ்சிருக்காங்க. நான்தான் பாதிய சொல்லல. வரவேண்டிய மாசமும் வரல."

கலா என்னை முறைத்தாள். "சரி, ஒரு வாரம் பாப்பேன், அதுக்கு மேல தொட்டி இங்க இருக்காது" என்றாள்.

உப்பைச் சட்டென்று இறக்கினாலும் கோரல் செத்துவிடும். அதனால் வாளியில் பைப்புத் தண்ணீர் பிடித்து, குளோரின் மருந்து போட்டு, ஒரு நாள் வைத்துவிட்டு, மணிக்கு ஒரு மங்கு தொட்டித் தண்ணீரை எடுத்து ஒரு மங்கு நல்ல தண்ணீர் ஊற்றச் சொன்னேன். பகல் முழுக்க, வாரம் முழுக்க. பால் மங்கில் புதிதாக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வலிக்கும் முட்டியோடு அக்கா அதைச் செய்தார். இந்த முறை தினமும் நான் போனேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் கோடு போட்டாலும், "தண்ணி கொறைஞ்சா என்ன ஊத்துவீங்க, நீங்க சொல்லுங்க" என்று கேட்டு, பதிலைக் காதால் கேட்காமல் மோட்டாரில் ஏறியதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். மூன்றாவது ரூலைச் சொன்னதால் பயந்து ஓடிய கஸ்டமரை நான் பார்த்ததில்லை.

அக்கா தண்ணீர் மாற்றத் தொடங்கிய எட்டாம் நாள் காலை கடையைத் திறக்கும்போதே போன் அடித்தது.

"தம்பி, விரிஞ்சிடுச்சு" என்றார் அக்கா. "கலா டியூட்டிக்குக் கெளம்பாம பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்களாச்சும் அவள போகச் சொல்லுங்க."