மணப்பெண்ணின் ஒளு

"போயிட்டு வந்தியா, புள்ள?"

மணப்பெண்ணைக் கண்டதும் மபாஸா கேட்கும் முதல் கேள்வி இதுதான். அழகாக இருக்கிறாய், பயப்படாதே என்பதெல்லாம் பிறகு. தில்லையடியில் அவள் நேசரி டீச்சர். காலையில் சின்னப் பிள்ளைகளிடம் கேட்பதைக் கல்யாண வீட்டிலும் கேட்கிறாள். பெண் வெட்கப்பட்டால் கையைப் பிடித்துக் குளியலறை வாசலில் கொண்டுபோய் விடுவாள். "சாரி கட்டி ஊசி குத்தின பொறகு அழுதாலும் விடமாட்டன்."

அயலில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணுக்குத் தோழி அவள்தான். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கணவர் ரிஃபாஸ் கட்டாரில். தோழி என்றால் கன்னிப் பெண்ணாக இருக்க வேண்டாமா என்று ஒரு பெரியும்மா முணுமுணுத்தாராம். "கன்னிப் புள்ளகள் செல்பி எடுக்கத்தான் சரி. பொண்ணுக்கு மூக்கு அரிச்சா ஆரு சொறியிற?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள்.

வாழ்த்த வரும் பெண்கள் மணப்பெண்ணின் கன்னத்தோடு கன்னம் வைத்து மேக்கப்பைக் கலைப்பது அவளுக்கு ஆகாது. குறுக்கே நின்று, "முட்டாம ஸலாம் சொல்லுங்க, சாச்சி" என்பாள். எனக்கும் ஒருமுறை விழுந்தது. பெண்ணுக்கென்று பலூடா கிளாஸோடு மேடைக்குப் போன என்னை அவள் பார்த்த பார்வையில் நானே அதைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இத்தனை காவலும் பெரும்பாலும் தொழுகைக்காகத்தான். தொழ வேண்டுமென்றால் முகமும் கைகாலும் கழுவி ஒளு எடுக்க வேண்டும். மேக்கப் பூசிய முகத்தில் தண்ணீர் தோலைத் தொடாது. ஆகவே பெண் நண்பகல் லுஹர் தொழுத பிறகுதான் மேக்கப் போடும் டிரெஸ்ஸர் கை வைக்கலாம். அந்த ஒளு முறியாமல் பின்னேரத் தொழுகையான அஸர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மபாஸாவின் பொறுப்பு. சிறுநீர் கழித்தாலே ஒளு முறியும் என்பதால் தண்ணீரைக்கூட ஸ்ட்ரோவில் இரண்டு வாய்தான் கொடுப்பாள்.

போன மாதம் முஃபீதாவின் கல்யாணம். அந்தப் பிள்ளை காலையிலேயே மபாஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, இண்டைக்கி ஒரு தொழுகையும் விடமாட்டன் எண்டு நிய்யத்து வச்சிரிக்கன். நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லியிருந்தாள். வழக்கமாக அஸருக்குப் பிறகுதான் மாப்பிள்ளை ஹோலுக்கு வருவார். அன்று கல்யாணத்தை நடத்திவைக்கும் லெப்பைக்கு வேறொரு நிகாஹ் இருந்ததால் பள்ளிவாசலில் எல்லாம் முன்னதாகவே முடிந்து, தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கு சொல்லும் முன்பே மாப்பிள்ளை ஸியாத் மேடையில் நின்றார்.

கூச்ச சுபாவம். ஹிஜாபுக்கு மேலாகவே தாலியைப் போட்டுவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மபாஸா பழக்கதோஷத்தில் சொன்னாள்: "தம்பி, நெத்தியில கைய வச்சி துஆவ ஓதுங்க."

அவர் கையை வைத்து ஓதினார். எல்லோரும் ஆமீன் சொன்னோம். முஃபீதா மட்டும் கண்ணை உயர்த்தி மபாஸாவைப் பார்த்தாள். எங்கள் வழக்கில் கணவனின் கை மனைவியின் தோலில் பட்டாலே ஒளு முறிந்துவிடும். அப்போதுதான் அது எனக்கும் உறைத்தது. நாளெல்லாம் காத்ததைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டாள்.

அஸர் பாங்கு சொல்லிவிட்டது. மேடையில் போட்டோ எடுப்பது முடிகிற பாடாக இல்லை. பொழுது மறைந்தால் அஸர் தப்பிவிடும்; வெயில் சாயச் சாய முஃபீதாவின் முகம் வாடிக்கொண்டே போனது. ஒருவழியாக உடை அறைக்கு வந்ததும், "நேரம் தப்பினாப் பொறகு களாவாத் தொழுதுக்கலாம், மகள். மாப்புள ஊட்டு ஆக்கள் இன்னம் காத்து நிக்கிறாங்க" என்றார் அவளுடைய உம்மா. டிரெஸ்ஸர், "கழுவினா திரும்பப் போடேலா. சாமானெல்லாம் கட்டிட்டன், சிலாபத்துல இன்னொரு வேல" என்று சொல்லிவிட்டாள். முஃபீதா மை கலையக் கூடாது என்று கண்ணை அகல விரித்துக்கொண்டு அழுதாள்.  

"எண்ட வாய் செஞ்ச வேல" என்றாள் மபாஸா. முஃபீதாவின் கையைப் பிடித்துக் குளியலறைக்கு நடந்தாள். முந்தானையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். உம்மா கூப்பிட்டது கேட்டும் மபாஸா கதவைச் சாத்தினாள்.

நேசரிக்குப் பவுடர்கூடப் பூசாமல் போகிறவள், கல்யாண நாட்களில் மட்டும் டிரெஸ்ஸரிடம் ஆசையாக முகத்தைக் கொடுப்பாள். அன்று அவளுடைய ஒளு முறியவில்லை. அவளுக்குக் கழுவ வேண்டிய தேவையே இல்லை. குழாயைத் திறந்து முதலில் தன் முகத்தைத் தேய்த்துக் கழுவினாள். மையும் சிவப்பும் கலந்து கை கழுவும் பேசினில் ஓடின.

"போட்டோல ரெண்டு வெறும் மூஞ்சி இரிக்கட்டும்."

சொல்லிவிட்டு, தண்ணீர் சொட்டும் முகத்தோடு, மணப்பெண்ணின் மணி பதித்த சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மெல்ல மடித்துவிடத் தொடங்கினாள்.