இணைப்புக்குள் இருந்த குங்குமம்

மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் அவரைக்காயை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தொம்மலூரிலிருந்து ஜெகதீசன் சாரின் மனைவி கோமதி அக்கா. "அவரு போய்ட்டாரும்மா. காபி கேட்டாரு. ஆத்தி எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." கடைக்காரம்மா "ஏனாயித்தம்மா?" என்று, என்ன ஆச்சென்று கன்னடத்தில் கேட்டார். எங்கள் ஜெகதீசன் சார் போய்விட்டார் என்றேன், ஏதோ அவருக்கும் தெரிந்தவர் மாதிரி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரில் செயற்கைக்கோள்களைப் பூட்டிச் சேர்க்கும் கூடத்தில் சாரும் நானும் பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒயர் இணைப்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. உள்ளே எல்லோருக்கும் வெள்ளை அங்கி, முகமூடி. கண் மட்டும்தான் தெரியும். ஆனால் வாயை வைத்தே சாரைக் கண்டுபிடித்துவிடலாம். "ஏம்மா, ஸ்க்ரூ திருகுறியா, சுண்டல் கிண்டுறியா?" என்பார். கோபம் வராது, சிரிப்புத்தான் வரும்.

தூசி புகக் கூடாத அந்தக் கூடத்துக்குள் ஆயுத பூஜைக்கு இடமில்லை. அதனால் கருவிகளை வாசலுக்குக் கொண்டுவந்து பொட்டு வைப்போம். தொண்ணூறுகளில் ஒரு வருஷம், செயற்கைக்கோளை ராக்கெட்டோடு சேர்க்கும் ஒயர் இணைப்பு ஒன்றின் மூடிக்கும் சார் பொட்டு வைத்தார். "இதுவும் ஆயுதந்தானேம்மா!" துடைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போனார்.

ஏவுதளத்தில் அந்தக் கோளின் கடைசிச் சோதனையின்போது ஒரு சிக்னல் வந்து வந்து அறுந்தது. சோதனை ஒயரை மாற்றினோம், சரியாகிவிட்டது. பழைய ஒயர்தான் கோளாறு, மேலே போகலாம் என்றார்கள். சார் மட்டும் "கழட்டிப் பாத்துடலாம்" என்று பிடிவாதமாக நின்றார். ஏற்கெனவே தாமதம், எல்லோரும் பல்லைக் கடித்தோம். இணைப்பைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால், உள்ளே ஓர் ஊசியின் ஓரத்தில் சிவப்பாய் ஒரு துகள். துருவாக இருக்கும் என்றார் ஒருவர்.

"துரு இல்லீங்க. குங்குமம். நான் வெச்சது."

எங்கள் தலைவர் கன்னடக்காரர். "ஏன்ரீ ஜெகதீசன், என்ன இது!" என்று மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்படியே பறந்திருந்தால், ராக்கெட்டை விட்டுப் பிரியும் கட்டளை போய்ச் சேராமலே இருந்திருக்கலாம்.

சுத்தம் செய்து ஏவினார்கள். கோள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் கூத்தாடினோம். சார் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தார். "இது மாட்டிக்கிச்சு. மாட்டாம மேல போனது எத்தினியோ?" என்றார்.

என்ன வேளையில் சொன்னாரோ! சில மாதங்களில், அதற்கு முன்பு அனுப்பியிருந்த வேறொரு கோள் பேச்சை நிறுத்திவிட்டது. அதற்கும் ஒயர் பூட்டியவர் சார்தான். அதன் இணைப்பு ஒன்றுக்கும் முந்தைய ஒரு பூஜையில் அவர் பொட்டு வைத்திருந்தார். விசாரித்தவர்கள் காரணம் தெரியவில்லை என்றார்கள். இவராகவே அவர்கள் முன் போய் நின்று, "என் கை வேலையா இருக்கலாங்க" என்றார். ஆதாரம் இல்லாமல் உங்கள் மேல் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். "ஆதாரம் மேல சுத்திக்கிட்டு இருக்குது. யாரு போய்ப் பாக்குறது?" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பாவி மனுஷர், அதோடு விட்டாரா? ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசியில் கூப்பிடுவார். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "ஏதாச்சும் சிக்னல் வந்துச்சாம்மா?" என்பார். கோமதி அக்கா என்னிடம் அழுதிருக்கிறார்: "தூக்கத்துல கூட அதேதாம்மா. நீயாச்சும் சொல்லேன்." போன மாதம் நேரில் பார்த்தபோது அடக்க முடியாமல் கத்திவிட்டேன். "அது உங்க கை இல்ல சார். விட்டுடுங்க!"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். அந்தக் குரலில் அவ்வளவு ஆசை இருந்தது. எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

நேற்று மயானத்தில் எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். நான் மட்டும் வானத்தைப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அது அங்கேதான் எங்கேயோ ஊமையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சார், நீங்கள் போகிற வழிதான். கொஞ்சம் நின்று, அந்த இணைப்பை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்.